சந்துக்கு ஒரு சங்கம் வைத்தோம், 60 பேர் 4 பேராகிவிட்டோம். மறுபடி எப்படி எழுப்புவது?

வல்லிக்கேணி சந்துவீடு

வணக்கம். திருவல்லிக்கேணியில் பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில் 11 வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். சந்தில் 38 வீடுகள், 2 மேன்ஷன் (பேச்சுலர்கள் தங்கும் விடுதி), ஒரு மெஸ், ஒரு பெட்டிக்கடை, முனையில் ஆட்டோ ஸ்டாண்டு. இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டுப் படியிலாவது ஏறித்தான் வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஆனாலும் இந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து பாட்டு கேட்கும், வெள்ளிக்கிழமை மதியம் வாலாஜா பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எங்கள் சந்து வழியாகத்தான் நடப்பார்கள், ராத்திரி 11 மணிக்குப் பசித்தாலும் சூடாக ஏதாவது கிடைக்கும், மெரினா நடக்கிற தூரம்.

மூன்று வருடம் முன்னால், மழை நேரத்தில் மேன்ஹோல் பொங்கி 4 நாள் வாசலில் கழிவுநீர் நின்றது. அந்த வேகத்தில் ஒரு நலச்சங்கம் ஆரம்பித்தோம். மொட்டை மாடியில் கூட்டம், 45 பேர் வந்தார்கள், தலைவர் செயலாளர் பொருளாளர் எல்லாரையும் அன்றைக்கே போட்டாயிற்று. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் சந்தா. வாட்ஸப் குழுவில் 60 பேர். மனு எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தோம், வண்டி வந்து அடைப்பை எடுத்தார்கள். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு 20 பேர், அதற்கடுத்ததுக்கு 9. இப்போது சந்தா கொடுப்பது 4 வீடு. குழுவில் காலை வணக்கப் படமும், யார் பைக் யார் வாசலில் நிற்கிறது என்ற சண்டையும்தான் மிச்சம்.

இப்போதைய பிரச்சினை டிரான்ஸ்பார்மர் அடியில் இருக்கும் குப்பைமேடு. காலையில் சுத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், சத்தியமாக எடுக்கிறார்கள், நானே பார்க்கிறேன். மறுநாள் விடிந்தால் அதே உயரத்துக்கு நிற்கிறது. மாடு, நாய், எலி எல்லாம் அங்கேதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு வண்டி போகிற பக்கம் இறங்கி நடக்கிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பையன் ஸ்கூட்டரில் மோதி முழங்கை உடைத்துக்கொண்டான்.

என் கேள்விகள் மூன்று. சங்கத்தைப் பதிவு செய்தால் மதிப்பு வருமா? சந்தா வசூல் எப்படி நிற்காமல் நடக்கும்? அப்புறம், வீட்டு ஓனர்களில் பாதிப் பேர் அண்ணா நகர், நங்கநல்லூர் என்று குடிபோய்விட்டார்கள். மீதிப் பேர், "நீங்க வாடகைக்கு இருக்கறவங்க, நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க, பொறுப்புல எப்படி வைக்கிறது" என்கிறார்கள். சந்தில் இருக்கிற ஆட்களில் முக்கால்வாசி வாடகைக்காரர்கள்தான். நாங்கள் இல்லாமல் சங்கத்தை யார் நடத்துவது?

---

மாடவீதித் தாத்தா

அம்மா, மயிலாப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 74 வயது. நீங்கள் கேட்டது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989ல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி இங்கே சென்னையில் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பை ஆரம்பித்தார். இன்றைக்கு உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து குப்பை வாங்குகிற வழக்கமே கிடையாது. தெருமுனையில் வட்டமாக ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும், அதில் பாதி, வெளியே பாதி. எக்ஸ்னோராவில் என்ன செய்தார்கள் என்றால், ஒரு தெரு அல்லது பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று தெருவை ஒரு அலகாக வைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூல் செய்து, ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி, அதுவரை குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவரையே சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவருக்கு வைத்த பெயர் 'தெரு அழகர்'. அந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை. அதுவரை "குப்பை" என்று கூப்பிடப்பட்டவரை அன்றிலிருந்து தெருவே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நகரம் முழுக்க நூற்றுக்கணக்கில் இப்படிக் குழுக்கள் வந்தன.

எங்கள் தெருவில் 92ல் ஆரம்பித்தோம். நடத்தியது பெரும்பாலும் பெண்கள். நாங்கள் ஆண்கள் கூட்டத்தில் பேசுவோம், மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியது என் மனைவியும் எதிர்வீட்டு அம்மாவும். இதில்தான் சூட்சுமம் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. சந்தா பெரிய தொகை இல்லை. ஆனால் அதை வாங்கப் போகிற சாக்கில் மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வாசலிலும் 5 நிமிடம் நின்று பேசினார்கள். யார் வீட்டில் உடம்பு சரியில்லை, எந்த விளக்கு எரியவில்லை, யாருக்கு யார் மேல் கோபம், எல்லாம் அந்த 5 நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கட்டத்தில் "ஏன் அலைய வேண்டும், 6 மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கிவிடலாம்" என்று நான்தான் யோசனை சொன்னேன். அதோடு ஆரம்பித்தது சரிவு. என் தப்புதான் அது.

பிறகு வீட்டுக்கே வந்து குப்பை வாங்குகிற வேலையை மாநகராட்சியே எடுத்துக்கொண்டது, நல்லதுதான். ஆனால் எங்கள் குழுவுக்குச் செய்ய ஒரு வேலை இல்லாமல் போயிற்று. தினமும் செய்ய ஒரு வேலை இருந்தவரைதான் அது சங்கமாக இருந்தது. உங்கள் கதையும் அதுதான் அம்மா, அடைப்பு எடுத்த அன்றைக்கே உங்கள் சங்கத்தின் வேலை தீர்ந்துவிட்டது.

குப்பைமேட்டுக்கு ஒன்று சொல்கிறேன். அள்ளிய இடத்தைக் காலியாக விடாதீர்கள். எங்கள் தெருமுனையிலும் இதே தொல்லை இருந்தது, எச்சரிக்கை பலகை வைத்தோம், பலகைக்கு அடியிலேயே கொட்டினார்கள். கடைசியில் கோயில் வாசலில் இடம் கிடைக்காமல் தவித்த ஒரு பூக்காரம்மாவை அங்கே உட்காரச் சொன்னோம், தரையைக் கழுவி, ஒரு பலகை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். அந்த அம்மா விடியற்காலை 5 மணிக்கு வந்து தண்ணீர் தெளித்து, ஒரு புள்ளிக்கோலம் போட்டு, ஈரத்துணியில் மல்லிகையைப் பரப்பி வைத்துக்கொண்டு கட்ட ஆரம்பிப்பார். கையில் குப்பைப் பையோடு வருகிறவர்கள் அந்தப் பூவைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. டியுசிஎஸ் என்று சொல்கிறோமே, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அது 1904ல் உங்கள் பேட்டையில் இருந்தவர்கள் நல்ல அரிசி பருப்பு நியாய விலையில் கிடைக்கவேண்டும் என்று சேர்ந்து ஆரம்பித்தது. 100 வருடம் தாண்டி இன்றும் இருக்கிறது. அதற்கும் தினமும் செய்ய ஒரு வேலை இருந்தது, பாருங்கள்.

---

இஸ்திரிக்காரர் மகள்

ஐயா சொன்ன பூக்காரம்மா கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

என் அப்பா சென்னையில் ஒரு தெருவில் வேப்பமரத்தடியில் 22 வருடம் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். எந்தத் தெரு, எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன். அங்கே புதிதாக நலச்சங்கம் வந்தது. முதல் கூட்டத்திலேயே முதல் தீர்மானம் 'ஆக்கிரமிப்பு அகற்றல்'. 22 வருடமாக அவர்கள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவர் ஒரே நாளில் ஆக்கிரமிப்பு ஆகிவிட்டார். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, அவர் அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர் இல்லையே. காலை 7 முதல் ராத்திரி 8 வரை அங்கே நின்றவர் அவர், ஆனால் தெருவைப் பற்றிப் பேச அவருக்கு இடமில்லை.

அவர் அங்கே என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் சிலருக்குத் தெரிந்தது. சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூரியர், கேஸ் சிலிண்டர் எல்லாம் அவர்தான் வாங்கி வைப்பார். ஒரு நாள் மூன்றாவது வீட்டுப் பாட்டி 9 மணி ஆகியும் பேப்பரை எடுக்கவில்லை என்று கவனித்துக் கதவைத் தட்டி, சத்தம் வராததால் பின்பக்கம் ஏறிப் பார்த்தால், குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். பாட்டி பிழைத்தார். அப்படிப் பார்க்கிற கண் ஒரு தெருவுக்கு எந்தக் கேமராவும் தராது.

அதனால் சந்துவீடு அக்கா, உங்கள் முதல் கூட்டத்தை மொட்டை மாடியில் வைத்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. மாடிக்கு வீட்டுக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற அண்ணன்கள், மெஸ் நடத்துகிறவர், பெட்டிக்கடைக்காரர், மேன்ஷன் வார்டன், தினமும் பெருக்க வருகிற தூய்மைப் பணியாளர், இவர்கள் ஏறி வரவே தயங்குவார்கள். கீழே வையுங்கள், தெருவில்.

தெருக்கடைக்காரர்களுக்கு 2014ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்பாவுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் போய்ப் பேசியிருப்பேன்.

---

சொந்த வீடு

நான் ஓனர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புரசைவாக்கத்தில் என் தாத்தா கட்டிய வீடு, சொத்து வரி, குடிநீர் வரி, பழுது எல்லாம் நாங்கள்தான் கட்டுகிறோம். எங்கள் தெருச் சங்கத்தில் வாடகைக்கு இருந்த ஒருவரைப் பொருளாளராகப் போட்டோம், நல்ல மனிதர், ஆனால் வேலை மாற்றலாகித் திடீரென்று ஊர் போனார், கணக்கு நோட்டு யாரிடம் என்றே 5 மாதம் தெரியவில்லை. பணம் எங்கும் போகவில்லை, ஆனால் நம்பிக்கை போய்விட்டது. ஓனர்கள் தயங்குவதற்கு இப்படி ஒரு காரணமும் இருக்கலாம், எல்லாம் திமிர் என்று நினைக்க வேண்டாம்.

எனக்குத் தோன்றும் வழி, ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், ஒரு சொந்த வீட்டுக்காரர், ஒரு வாடகைக்காரர். நோட்டு இரண்டு பேரிடமும் மாறி மாறி. மாதக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி பெட்டிக்கடையில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸப்பில் போட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை, கடையில் ஒட்டினால் டீ குடித்துக்கொண்டே வரிவரியாகப் படிக்கிறார்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், போன வருடம் ஒரு கேள்விகூட வரவில்லை.

---

செம்பூர்வாசி

பம்பாயில் 30 வருடம் இருந்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். அங்கே இந்த மாதிரித் தெருக்குழுவுக்கு ஏஎல்எம் (அட்வான்ஸ்டு லொகாலிட்டி மேனேஜ்மெண்ட்) என்று பெயர். 1996 வாக்கில் காட்கோபரில் ஜோஷி லேன் என்ற ஒரு சந்துக்காரர்கள் ஆரம்பித்தது. உங்களுடையது மாதிரிதான், குப்பையும் பள்ளமுமாகக் கிடந்த சந்து. வீட்டிலேயே ஈரக் குப்பையைத் தனியாக, காய்ந்ததைத் தனியாகப் பிரித்தார்கள். ஈரக் குப்பை அங்கேயே உரமானது, காய்ந்தது பொறுக்குபவர்களுக்குப் போனது. மாநகராட்சி அதைப் பார்த்து மற்ற இடங்களுக்கும் ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டது. எங்கள் செம்பூரிலும் நிறைய வந்தன, நம் ஆட்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள்.

எனக்கு அதில் பிடித்தது அளவு. ஊருக்கு ஒரு சங்கம் இல்லை, பேட்டைக்கு ஒன்றுகூட இல்லை, ஒரு லேன், இரண்டு லேன், அவ்வளவே. முகம் தெரிந்த தூரம். குப்பைப் பையை வீசுகிறவர் யார் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அவரும் வீசமாட்டார், நாமும் கத்தத் தேவையில்லை. வல்லிக்கேணி நண்பரே, 38 வீடு என்பது மிகச் சரியான அளவு. பக்கத்துச் சந்தையும் சேர்த்துப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே பல குழுக்கள் நின்றுபோனதையும் பார்த்தேன். ஒரே ஒரு ஆர்வமான மனிதர் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்ட இடங்கள் அவர் வயதானதும் முடிந்தன. எங்கள் குழுவில் அந்த மனிதர் எங்கள் மாடி மாமா, 12 வருடம் தனியாளாக ஓடினார், நாங்கள் எல்லாரும் "மாமா பார்த்துப்பார்" என்று இருந்துவிட்டோம். அவர் போனபின் வார்டு அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதுகூட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

---

அதிகாலை மஸ்டர்

நான் துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எந்த ஊர் என்பது வேண்டாம். ஆனால் சென்னை விவரமும் தெரியும். கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பதிவு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அதன்படி 7 பேர் இருந்தால் போதும், விதிமுறை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதிந்தால் வங்கிக் கணக்கு திறக்க, பெரிய வேலைக்குப் பணம் திரட்ட வசதி. ஆனால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். 4 பேர் இருக்கும்போது அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். ஒரு வருடம் வேலை செய்து காட்டுங்கள், அப்புறம் பதியலாம். மனு கொடுக்கப் பதிவு எண் தேவையில்லை, 30 கையெழுத்து போதும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நம் மக்கள் பாதி சக்தியை வீணாக்குகிறார்கள். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், இவை மாநகராட்சி, 1913க்கு அடிக்கலாம். மேன்ஹோல் பொங்கினால், குழாயில் சாக்கடை வாடை வந்தால் அது குடிநீர் வாரியம், 4567 4567. டிரான்ஸ்பார்மர் மின்வாரியம். நீங்கள் டிரான்ஸ்பார்மர் அடியில் குப்பை என்று சொல்கிறீர்கள், அங்கே வேலி போடுவதோ செடி வைப்பதோ பூக்கடை வைப்பதோ மின்வாரியத்தைக் கேட்காமல் செய்யவே கூடாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மாடவீதி ஐயாவின் யோசனை அருமை, ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு நேர் அடியில் ஆளை உட்கார வைக்காதீர்கள். எந்தப் புகாராக இருந்தாலும் புகார் எண்ணை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். "பலமுறை சொன்னோம்" என்று ஒருவர் வந்து நின்றால் அதிகாரிக்கு எதுவும் நினைவுக்கு வராது, "14ஆம் தேதி இந்த எண், 22ஆம் தேதி இந்த எண்" என்றால் நிமிர்ந்து உட்காருவார். நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையில் 200 வார்டு. வார்டுக்குள் பகுதி சபை என்று இருக்கிறது, 2022லிருந்து நடக்கிறது. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் போய்ப் பேசலாம். வீட்டுப் பத்திரம் யாரும் கேட்கமாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் வாக்காளர் அட்டையை இந்த முகவரிக்கு மாற்றுங்கள். 11 வருடமாக இருக்கிறீர்கள், இன்னும் சொந்த ஊரில்தான் ஓட்டு என்றால் பேச்சுக்கு எடை குறையும். கொஞ்சம் பெரிய வேலை, பூங்கா மாதிரி, என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மக்கள் பங்கு மூன்றில் ஒரு பகுதி. உங்கள் சந்துக்கு இப்போது அது வேண்டாம்.

குப்பைமேட்டுக்கு வருகிறேன். நீங்கள் யாராவது அந்த இடத்தை ஒரு முழு நாள் பார்த்தீர்களா? பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது. மூன்று நாள், எத்தனை மணிக்கு யார் என்ன கொண்டுவந்து போடுகிறார்கள் என்று எழுதுங்கள். சண்டை போடாதீர்கள், படம் எடுக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். என் அனுபவத்தில் தெருமுனையில் கொட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியைத் தவற விட்டவர்கள். வண்டி வரும் நேரமும் அவர்கள் வீட்டில் இருக்கும் நேரமும் பொருந்தவில்லை, வீட்டில் வைத்திருந்தால் நாறும், என்ன செய்வார்கள்? அப்புறம், பெருக்க வருகிற அம்மாவிடம் பேசுங்கள். காலை மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போட்டுவிட்டு விடிவதற்குள் உங்கள் சந்துக்கு வருகிறார், அவருக்குக் குடிக்கத் தண்ணீர், துடைப்பம் வைக்க ஒரு மூலை, அவசரத்துக்கு ஒரு கழிவறை, இதை எந்தச் சங்கமாவது கேட்டிருக்கிறதா? என் 31 வருட வேலையில் இரண்டு தெருதான் கேட்டது.

---

வல்லிக்கேணி சந்துவீடு

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் மஸ்டர் ஐயா சொன்னபடி செய்தோம். நானும் எதிர்வீட்டு பானு அக்காவும் (அது அவர் உண்மைப் பெயர் இல்லை) முறை போட்டு மூன்று நாள் எழுதினோம். ராத்திரி ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற ஒரு அண்ணன், "நாங்க இங்கதானே இருக்கோம், எங்ககிட்ட கேட்டிருந்தா மூணு வருஷம் முன்னாலயே சொல்லியிருப்போமே" என்றார். நெஞ்சில் குத்தியது. ஒரு தடவைகூட நாங்கள் அவர்களைக் கேட்கவில்லை.

நோட்டில் இருப்பது இது. பேட்டரி வண்டி காலை 7:15க்கு வந்து 7:30க்குள் போய்விடுகிறது. மேன்ஷனில் பாதிப் பேர் ராத்திரி ஷிப்டு, அந்த நேரத்தில் தூங்குகிறார்கள். அவர்கள் 10 மணிக்குமேல் கீழே வரும்போது கையில் கொண்டுவரும் பொட்டலம் நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. மெஸ் ராத்திரி 11:40க்கு மூடுகிறார்கள், வாழையிலையும் மிச்சச் சாப்பாடும் ஒரு பெரிய கோணிப்பை, அதுவும் அங்கேதான். மேட்டில் முக்கால்வாசி அந்த ஒரு கோணிப்பைதான்! மூன்று வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மெஸ்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தோம். அவர் சங்கடப்பட்டார். "காலையில வண்டி வர்ற வரைக்கும் உள்ள வச்சா எலி வருதும்மா, எனக்கு இடமும் இல்ல" என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், உண்மைதான், அடுப்புக்கும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். மூடியுள்ள பெரிய டிரம் ஒன்று வாங்கி, மெஸ்ஸின் பக்கவாட்டு நடையில் வைக்க ஏற்பாடு. டிரம்முக்குப் பாதிப் பணம் அவர், பாதி சங்கத்தில் மிச்சமிருந்த சந்தாவிலிருந்து. வண்டியில் வரும் தம்பி முதலில் மெஸ்ஸுக்கு வந்துவிட்டு அப்புறம் மற்ற வீடுகளுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மேன்ஷனில் வார்டனோடு பேசி, மாடிக்கு மாடி பச்சையும் நீலமுமாக இரண்டு தொட்டி, காலையில் வாட்ச்மேன் கீழே கொண்டுவந்து கொடுப்பார், அதற்கு மேன்ஷன் ஓனர் அவருக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகத் தர ஒத்துக்கொண்டார். இதற்கு மட்டும் 4 தடவை போனில் பேச வேண்டியிருந்தது.

பெருக்க வருகிற அம்மாவிடமும் பேசினேன். 6 வருடமாக எங்கள் சந்துக்கு வருகிறார், எனக்கு அவர் பெயர் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். துடைப்பத்தையும் முறத்தையும் தினமும் இரண்டு தெரு தள்ளி ஒரு பாலத்தடியில் ஒளித்து வைத்துவிட்டுப் போகிறாராம், சில நாள் காணாமல் போய்விடுமாம். இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைக்கிறார். வீட்டு ஓனரிடம் கேட்டேன், நங்கநல்லூரில் இருக்கிறார், "இதையெல்லாமா கேப்ப, வச்சுக்கச் சொல்லு" என்றார்.

இன்றோடு 19 நாள் ஆகிறது. இரண்டு நாள் யாரோ பை வைத்துவிட்டுப் போனார்கள், ஸ்டாண்டு அண்ணன்கள் எடுத்து வண்டியில் போட்டுவிட்டார்கள். மின்வாரியத்துக்கு வேலி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், 33 கையெழுத்து, எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். பொறுப்புக்கு இரண்டு இரண்டு பேர் என்ற யோசனையை ஓனர்கள் இருவர் ஒத்துக்கொண்டார்கள், மூன்றாமவர் யோசிக்கிறார். என் வாக்காளர் அட்டை இன்னும் விருத்தாசலத்தில்தான் இருக்கிறது, இந்த வாரம் மாற்ற விண்ணப்பம் போடுகிறேன்.

தாத்தா ஐயா, ரசீது புத்தகம் வாங்கியாயிற்று. முதல் ஞாயிறு நானும் பானு அக்காவும் வீடு வீடாகப் போகிறோம். 50ஐ 20 ஆக்கிவிட்டோம். கூட்டம் அன்றைக்கே காலை 7 மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டில், டீ பெட்டிக்கடைக்காரர் செலவு என்று அவராகவே சொல்லிவிட்டார்.

---

மாடவீதித் தாத்தா

போங்கள் அம்மா, கதவு திறக்காத வீட்டை விட்டுவிடாதீர்கள், சாயங்காலம் இன்னொரு தடவை தட்டுங்கள். என் மனைவி அப்படித்தான் செய்வாள். முடிந்தால் நானும் அன்றைக்கு பஸ் பிடித்து, ராயப்பேட்டையில் இறங்கி நடந்து வந்து எட்டிப்பார்க்கிறேன். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

---

இஸ்திரிக்காரர் மகள்

அக்கா, உங்கள் சந்தில் இஸ்திரி வண்டி இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள். அப்பாவுக்கு 66 வயது, இன்னும் கை நன்றாக வேலை செய்கிறது, வீட்டில் சும்மா உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் எல்லாரிடமும் கேட்டுவிட்டு, எல்லாரும் சரி என்றால் மட்டும் சொல்லுங்கள், ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்.

---

வல்லிக்கேணி சந்துவீடு

இல்லை தங்கச்சி. இரண்டு தெரு தள்ளித்தான் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை முதல் பேச்சாக இதைக் கேட்கிறேன். முடிந்தால் அப்பாவையே கூட்டிக்கொண்டு வா, அவரே பேசட்டும்.